தவளைச் சத்தம் எங்கே போனது?

கேள்வி: எங்கள் நிலம் கொசஸ்தலையாற்றுக்குப் பக்கத்தில், வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. முன்பெல்லாம் முதல் மழை பெய்த ராத்திரி தவளைச் சத்தத்தில் தூங்க முடியாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது வயலில் தவளையைக் காண்பதே அரிதாகிவிட்டது. எலி பெருகிவிட்டது. எலியைத் தேடிப் பாம்பும் வீட்டுப் பக்கம் வருகிறது. ஆற்றில் உப்பு ஏறியதா, அனல்மின் நிலையச் சாம்பலா, நாங்கள் போடும் மருந்தா, எது காரணம்? எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், மீஞ்சூர் ஒன்றியம்

பதில்: மூன்றுமே காரணமாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் தடயம் வேறு. அதைப் பிரித்துப் பார்க்க, முதலில் தவளையின் தோலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்து, தோல் வழியாகவே தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. மூச்சில் ஒரு பங்கும் அதே தோல் வழியாகத்தான் நடக்கிறது. அதனால் அந்தத் தோல் மெல்லியதாக, எதையும் உள்ளே விடுவதாக இருந்தாக வேண்டும். ஆற்றங்கரையில் அதுவே அதற்கு ஆபத்து. கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தவளையின் உடம்புக்குள் இருக்கும் உப்புச் செறிவு ஏறக்குறைய அதில் நாலில் ஒரு பங்குதான். வெளியே உப்பு அதிகமானால் தோல் வழியாகத் தண்ணீர் உள்ளே வருவதற்குப் பதிலாக வெளியே போய்விடும். தண்ணீரிலேயே கிடந்தும் தவளை உலர்ந்து சாகும்.

இது விவசாயிகளுக்குப் புதிதல்ல. உவர் நிலத்தில் நட்ட நாற்று, காலடியில் தண்ணீர் நிற்கும்போதே இலை நுனி கருகி வாடுகிறதே, அதே கணக்குதான். வேருக்கு வெளியே உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. மண்ணின் மின்கடத்தும் திறன் 3 டெசிசைமன் தாண்டினால் நெல் மகசூல் சரியத் தொடங்கும். 4-க்கு மேல் போனால் அதை உவர் நிலம் என்றே சொல்கிறோம். நெல்லின் வேரும் தவளையின் தோலும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. வயலில் உப்பு ஏறுவதை விவசாயி கவனிப்பதற்கு முன்பே குட்டையில் இருக்கும் முட்டையும் தலைப்பிரட்டையும் அதை அனுபவித்துவிடுகின்றன.

உப்பைத் தாங்கும் தவளையே உலகத்தில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் அலையாத்திக் காடுகளில் நண்டு தின்னும் தவளை ஒன்று வாழ்கிறது. அது தன் ரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. மூட்டையில் வாங்கும் அதே யூரியாதான். உள்ளே யூரியா கூடுவதால் வெளியே இருக்கும் உப்புக்கு ஈடுகொடுக்க முடிகிறது. சுறா மீனும் இதே வித்தையைத்தான் செய்கிறது. நம் வயலில் இருக்கும் தவளைகளுக்கு அந்தத் திறமை கிடையாது.

நம் பக்கத்துத் தவளைகளில் எல்லோருக்கும் தெரிந்தது பெரிய வயல் தவளை. மழைக்காலத்தில் ஆண் தவளை எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டையின் இரண்டு பக்கமும் நீல நிறப் பையை ஊதிக்கொண்டு கத்தும். தாமரைக் குளத்திலும் தாங்கலிலும் இலைமேல் உட்கார்ந்திருக்கும் பச்சைத் தவளை இன்னொன்று. வளர்ந்த பிறகு இது பூச்சியோடு இலை தழையையும் நிறையத் தின்னும். தவளைகளில் இது அபூர்வமான குணம். மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழை விழுந்ததும் வெளியே வந்து கத்துவது நுணல். தன் வாயால் கெட்டது என்று பழமொழி அதன்மேல் பழி போடுகிறது. ஆனால் ஆண் நுணல் கத்தாவிட்டால் பெண் நுணல் வராது. அந்த வம்சமே இருக்காது. இவை தவிர, குட்டையோரச் செடியில் நுரைக்கூடு கட்டும் மரத்தவளை, வாசல் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் தேரை, கட்டைவிரல் நகம் அளவே உள்ள குட்டித் தவளைகள் என்று பட்டியல் நீளும்.

ஊர்வன கதை வேறு. செதில் போர்த்திய உடம்பு, ஓட்டுக்குள்ளோ தாயின் வயிற்றிலோ வளரும் குஞ்சு. அதனால் உப்பு அவற்றை அவ்வளவு சுலபமாக விரட்ட முடியாது. எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து மீஞ்சூர் வரை நடந்தால் எந்தப் பிராணி எதுவரை வரும் என்பதை உப்பே தீர்மானிப்பதைப் பார்க்கலாம். கடலுக்குள் இருப்பவை துடுப்பு போலத் தட்டையான வால் கொண்ட கடல் பாம்புகள். அவற்றின் நாக்குக்கு அடியில் உப்பை வெளியேற்றும் சுரப்பி இருக்கிறது. பங்குனி ஆமைக்கு அந்தச் சுரப்பி கண்ணுக்குப் பக்கத்தில். கரைக்கு வந்து முட்டையிடும்போது ஆமை அழுகிறது என்பார்கள். வலியால் வரும் கண்ணீர் இல்லை அது, உடம்பில் மிஞ்சிய உப்பு. கழிமுகத்துச் சேற்றில் நாய் முகத் தண்ணீர்ப் பாம்பும், அரம் போலச் சொரசொரப்பான தொளதொளத் தோல் கொண்ட அரத்தோல் பாம்பும் கிடக்கும். இரண்டும் மீன் தின்பவை, தண்ணீரிலேயே குட்டி போடுபவை, மனிதருக்குத் தீங்கில்லாதவை. இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களின் கைக்கு இவை அகப்படுவதுண்டு. அங்கிருந்து மேலே, நல்ல தண்ணீர் தொடங்கும் இடத்தில்தான் தண்ணீர்ப்பாம்பு, பால் ஆமை, தவளை, தவளையைத் தின்ன வரும் சாரை எல்லாம். மணல்மேட்டில் விசிறித் தொண்டை ஓணான், புதரில் உடும்பு. 2016-ல் தென் தமிழகத்தில் கண்டறியப்பட்ட விசிறித் தொண்டை ஓணான் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் மருதத்தையும் நெய்தலையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். வயலும் கடலும் கைகோக்கும் மீஞ்சூர், எண்ணூர் பக்கத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

இப்போது வாசகர் கேட்ட உப்புக்கு வருவோம். வல்லூர் அணைக்கட்டுக்கு மேலே நல்ல தண்ணீர், கீழே ஓதம் ஏறி இறங்கும் உவர்நீர். ஆற்றின் மேற்பரப்பில் இருக்கும் இந்தக் கோடு பழையது. நிலத்தடியில் இருக்கும் கோடுதான் நகர்ந்துவிட்டது. 1960-களின் இறுதியிலிருந்து மணலிப் பகுதித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து தண்ணீர் இறைக்கப்பட்டது. விவசாயத்துக்கும் இறைத்தார்கள். மழை நிரப்பியதைவிட எடுத்தது கூடிப்போக, கடல் நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீர் கொடுத்த இடம் அது. 2010-ல் அதே மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில், கடல் நீரைக் குடிநீராக்கி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் நிலையம் திறக்கப்பட்டது.

இப்படிப்பட்ட நிலத்தில் தவளைக்கு வருஷத்தில் ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. வடகிழக்குப் பருவமழை வந்து, மேல் மண்ணில் இருக்கும் உப்பைக் கழுவி, பள்ளங்களில் நல்ல தண்ணீர் நிற்கும் அந்தச் சில வாரங்கள். முட்டை பொரிந்து, தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து, வால் சுருங்கிக் கரையேறும் வரை அந்தத் தண்ணீர் கெடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஓத நீரோ உப்புக் கிணற்று நீரோ அந்தப் பள்ளத்தில் பாய்ந்தால் அந்த வருஷத்துக் குஞ்சு போயிற்று. இரண்டு மூன்று வருஷம் இப்படியானால் கத்துவதற்குத் தவளை இருக்காது.

சாம்பல் விஷயம். வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குழம்பு கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்ததும், செப்பாக்கம் கிராமம் சாம்பல் குட்டையின் ஓரத்தில் கிடந்து அவதிப்படுவதும் இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், செலினியம் போன்றவை இருக்கும். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சவானா ஆற்றங்கரையில், சாம்பல் கலந்த குட்டைகளில் வளர்ந்த தலைப்பிரட்டைகளை 1990-களில் ஆராய்ந்தார்கள். பாசியைச் சுரண்டித் தின்ன வாயைச் சுற்றி இருக்க வேண்டிய சின்னப் பற்கள் பலவற்றுக்கு இல்லை. வால் வளைந்திருந்தது. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அடிச் சேற்றை மேய்ந்து வளரும் பிராணி அது. சேற்றில் இருப்பது உடம்புக்கு வந்துவிடுகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் புகைபோக்கியின்மேல் போடுவதும் சரியில்லை. குருணை மருந்தை நாமேதான் வயலில் தூவினோம். போரேட் குருணை 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. இன்னமும் பழைய இருப்பு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். நட்ட சில நாட்களுக்குள் போடும் பூட்டாக்ளோர் களைக்கொல்லியும் மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும் கடுமையானது. பருவ மழையில் நடவு செய்யும்போது தவளை முட்டையிடுவதும் நாம் களைக்கொல்லி போடுவதும் ஒரே வாரத்தில் வந்துவிடுகின்றன. இதையும் முன்பு நடந்த ஏற்றுமதியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1980-களில் நம் நாட்டு வயல்களிலிருந்து பெரிய வயல் தவளையையும் பச்சைத் தவளையையும் பிடித்து, காலை மட்டும் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 1987-ல்தான் அரசு அதைத் தடை செய்தது.

எது காரணம் என்று கண்டுபிடிக்க முதல் கனமழை பெய்த ராத்திரியிலிருந்து ஒரு மாதம் கவனியுங்கள். நிலத்திலேயே மேடான ஓர் இடத்தில், மழைத் தண்ணீர் மட்டும் நிற்கும்படி ஒரு பள்ளம் தோண்டி விடுங்கள். அந்தப் பள்ளத்தில் தலைப்பிரட்டை பிழைத்து, வாய்க்கால் தண்ணீர் பாயும் வயலில் இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பை. மழைக்கு முன்பு ஒரு முறை, மழை தொடங்கி ஒரு வாரம் கழித்து ஒரு முறை, அறுவடைக்குப் பிறகு ஒரு முறை தண்ணீரும் மண்ணும் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கிடைக்கும். தவளை கத்துகிறது, முட்டைச் சரமும் தெரிகிறது, ஆனால் மருந்து போட்ட இரண்டு மூன்று நாளில் தலைப்பிரட்டையும் குட்டி மீனும் சேர்ந்து மிதக்கின்றன என்றால் அது மருந்து. சேற்றைக் கையால் அள்ளினால் சாம்பல் நிறத்தில் மாவு போல வழவழப்பாக ஒரு படலம் தனியாகத் தெரிந்தால், அந்தச் சேற்றையும் தண்ணீரையும் தேதி எழுதி எடுத்து வைத்து, ஊராட்சி மூலம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். தனி ஆளாகப் போவதைவிட பத்துப் பேராகக் கையெழுத்துப் போடுவது நல்லது.

மழை ராத்திரியிலும் எங்குமே சத்தம் இல்லை என்றால் வாசகர் கேட்காத நாலாவது காரணம் ஒன்று உண்டு. கோடையில் தவளை ஒளிந்து கிடந்த தாங்கல் மனையாகியிருக்கும், வாய்க்கால் கரைக்கு சிமென்ட் போட்டிருப்பார்கள். மழை வந்தால் மட்டும் தவளை வானத்திலிருந்து விழாது.

செய்யக்கூடியவை சில. மேற்சொன்ன மழைப்பள்ளத்தை நிரந்தரமாக்கிவிடுங்கள். பத்தடிக்குப் பத்தடி, இடுப்பளவு ஆழம் போதும். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும், கால் முளைத்த குஞ்சு ஏறி வர வேண்டும். கொசுவுக்காக என்று கம்பூசியா மீனை அதில் விடாதீர்கள். அது கொசுப்புழுவைவிட ஆர்வமாகத் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். களைக்குக் கோனோ வீடர் ஓட்ட முடிந்த இடத்தில் களைக்கொல்லியைத் தவிர்க்கலாம். இன்னொன்றும் கவனம்: உவர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், முதலில் பரிசோதனை முடிவைப் பாருங்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. வெறும் உவர் நிலத்துக்கு வேண்டியது மழைத் தண்ணீரைக் கட்டி நிறுத்தி உப்பைக் கரைத்து வடிப்பதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும்தான்.

எலிக்கு வரப்பைச் சின்னதாகவும் புல் இல்லாமலும் வைக்கச் சொல்வோம். தவளைக்குப் புல் வேண்டும். இரண்டும் முரண்பாடாகத் தோன்றும். வயல் வரப்புகளைச் சுத்தமாக வைத்து, பள்ளத்தைச் சுற்றி மட்டும் புல் விட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தார் ஒரே சமயத்தில் நடவு செய்தால் எலிக்கு வருஷம் முழுக்கத் தீனி கிடைக்காது. ஆந்தை உட்கார வயலில் ஆங்காங்கே குறுக்குக் கட்டை அடித்த கம்பு நடுங்கள். தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள். எலி பிடிக்கத் தெரிந்த இருளர் குடும்பம் பக்கத்தில் இருந்தால் நியாயமான கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். வளை தோண்டிக் குட்டியோடு எடுப்பதில் அவர்களுக்கு ஈடு இல்லை. விஷ வில்லை வைத்தால், செத்த எலியைத் தேடி எடுத்துப் புதைக்க வேண்டும். விஷம் தின்ற எலியைச் சாரையும் ஆந்தையும் தின்றால் அவையும் சாகும், அடுத்த போகத்தில் எலி இரட்டிப்பாக வரும்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பு வந்தது. கட்டு விரியன் என்று அடித்துவிட்டார்கள். பிறகு ஒருவர் அது விஷமில்லாத பாம்பு என்றார். எப்படி அடையாளம் காண்பது? கடித்தால் என்ன செய்வது?
– ஒரு வாசகி, எர்ணாவூர்

பதில்: அந்த வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய்ப் படலமும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. வளையில் தண்ணீர் புகுந்தால் பாம்பு மேட்டைத் தேடும். அன்று மேடாக இருந்தவை வீடுகள்தான்.

கட்டு விரியனோடு குழப்பிக்கொள்ளப்படுவது வெள்ளிக்கோல் வரையன். பல்லி தின்ன வீட்டுக்குள் வரும், விஷம் கிடையாது. வெள்ளிக்கோல் வரையனுக்குப் பட்டைகள் தலைப்பக்கம் தெளிவாகவும் வால் பக்கம் போகப் போக மங்கியும் இருக்கும். கட்டு விரியனுக்கு நேர்மாறு. தலைப்பக்கம் பட்டை மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, வால் பக்கம் தெளிவாகும். முதுகுத்தண்டின் மேல் பெரிய அறுகோணச் செதில் வரிசை இருக்கும். ஆனால் இதெல்லாம் தூரத்திலிருந்து பார்க்கும்போது பயன்படும் அறிவு. உறுதி செய்கிறேன் என்று யாரும் கிட்டே குனியக் கூடாது.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் 1796-ல் சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிப் படங்களோடு ஒரு பெரிய நூல் வெளியிட்டார். விஷமுள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்துச் சொல்வதே அவர் வேலையின் முக்கிய நோக்கம். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாலு பாம்புகளின் விஷத்திலிருந்து தயாராகிறது: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கை மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தருகிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடையான பிறகு பிழைப்பிழந்த இருளர்களுக்காக 1978-ல் தொடங்கியது அந்தச் சங்கம். பாம்பைப் பிடித்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கடித்தால்: கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை எலும்பு முறிந்தால் கட்டுவது போலப் பலகை வைத்து அசையாமல் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். நடக்க விடாதீர்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை. விரியன் கடியா என்று பார்க்க, கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று மருத்துவமனையிலேயே பார்ப்பார்கள். உங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி தமிழ்நாட்டில் அறிவிக்கை செய்யப்பட்ட நோய். எந்த மருத்துவமனை சிகிச்சை தந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கட்டு விரியன் கடியில் வீக்கமும் இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிக்கும். விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்குதல், விழுங்க முடியாமை என்று எழுந்தால், அஜீரணம் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே போங்கள். கட்டில் இல்லாவிட்டாலும் பாய்க்குமேல் கொசுவலை கட்டி ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது நல்ல காவல்.

காசிமேட்டில் வலை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மீனோடு வரும் கடல் பாம்பைக் கையால் எடுத்து எறிவது வழக்கமாக இருக்கிறது. மேலே சொன்ன விஷமுறிவு மருந்து கடல் பாம்பு விஷத்துக்கு ஏற்றதல்ல. கடித்த இடம் வலிக்காமலே இருக்கலாம். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலி வந்து, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகும். அப்போது சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பெரிய மருத்துவமனையே வேண்டும். குச்சியால் தள்ளிவிடுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லைக்கு ஆமை வந்துவிட்டது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மாமியார் பயப்படுகிறார். கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, பொன்னேரி வட்டம்

பதில்: கடலில் விடாதீர்கள், செத்துவிடும். மழைக்காலத்தில் கொல்லைக்கு வருவது பெரும்பாலும் பால் ஆமை. குளத்திலும் வயல் சேற்றிலும் வாழ்வது, கோடையில் சேற்றுக்குள் புதைந்து கிடப்பது. புண்ணியம் என்று நினைத்து இதைக் கடலிலோ முகத்துவாரத்திலோ விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பை வெளியேற்றும் சுரப்பி பங்குனி ஆமைக்குத்தான் உண்டு, பால் ஆமைக்குக் கிடையாது. பழமொழியில் ஆமையோடு சேர்த்துச் சொல்லப்படும் அமீனா, கடன் இருந்தால்தான் வருவார். ஆமை வருவது பக்கத்துக் குட்டையைத் தூர்த்ததாலோ, மழையில் இடம் மாறும்போது உங்கள் கொல்லை வழியில் இருந்ததாலோதான். மாமியாரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

காலைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். விரல்களும் நகமும் நடுவில் தோலும் இருந்தால் நல்ல தண்ணீர் ஆமை. துடுப்பு போல இருந்தால் கடல் ஆமை. வீட்டில் வைத்து வளர்ப்பதும் விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் ஆமையை ஈரத் துணி போட்ட கூடையில் வைத்து, பக்கத்திலேயே இருக்கும் ஏரியிலோ குளத்திலோ கரையோரம் விட்டுவிடுங்கள்.

கடல் ஆமை பற்றி: தைக்குப் பிறகு பங்குனி ஆமை முட்டையிட மணற்கரை தேடி வரும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு ராயபுரத்திலிருந்து வடக்கே கடலரிப்பு கூடி, இன்று திருவொற்றியூர்ப் பக்கம் பெரும்பாலும் கருங்கல் கரைதான். அதனால் அவை காட்டுப்பள்ளி, பழவேற்காடு மணலுக்கே போகின்றன. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னையை ஒட்டிய கரையில் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிச் சாகும். வலையில் உயிரோடு வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டதென்று உடனே தூக்கி எறியாதீர்கள். பின்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி கவிழ்த்து வைத்து, ஈரத் துணி போர்த்தி, நிழலில் சில மணி நேரம் விட்டால் நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடிந்து பல ஆமைகள் பிழைத்துக்கொள்ளும். பிறகு படகை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, மெதுவாகத் தண்ணீரில் இறக்கி விடுங்கள். கரையில் முட்டைக் குழி தெரிந்தால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.